டப்பாக் காசு – அத்தியாயம் 14: காய்ந்த துண்டு

போன வாரம் நகராட்சி நீச்சல் குளத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் மந்திரியை நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்காக வந்த திட்டுக் கடிதங்களை எல்லாம் படித்தேன். ஒரு வாசகி சிவப்பு மையில், "அந்த மனுஷனுக்கு இன்னொரு குடித்தனம் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மந்திரிக்கும் முதலில் அதே எண்ணம்தான் வந்தது. வாசகியாவது எனக்கு எழுதி ஆற்றிக்கொண்டார். இவள் யாருக்கு எழுதுவாள்?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மந்திரி என்பது புருஷன் வைத்த பட்டப்பெயர். வீட்டின் நிதி மந்திரி அவள். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது. புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரே மகள், இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். காலையில் திறந்த வாயை ராத்திரி தூங்கும்போதுதான் மூடுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சொந்தமாக ஒரு வீடு வாங்க ஒன்பது வருடமாகச் சேர்த்து வருகிறார்கள். வீடும் பார்த்தாகிவிட்டது, மூன்றாவது மாடியில் இரண்டு அறை. திங்கட்கிழமை முன்பணம் கட்ட வேண்டும்.

அந்த ஒன்பதில் முதல் இரண்டு வருடம் நரகம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். சினிமா கிடையாது, வெளியே ஒரு டீ கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் எரிச்சல். ஒரு நாள் புருஷனின் டூல் பையைத் துவைக்க எடுத்தபோது, ஸ்க்ரூ போடும் டப்பாவுக்குள் பிஸ்கட் உறைகள் எட்டாக மடித்துத் திணிக்கப்பட்டிருந்தன. சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிற மனிதர், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் ஒளிந்து நின்று கிரீம் பிஸ்கட் தின்றிருக்கிறார்! மந்திரி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அதே உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சனிக்கிழமையே கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த மூன்று மூக்குக்கண்ணாடி டப்பாக்களைக் கொண்டுவந்து சமையலறை அலமாரியில் வைத்தாள். புருஷனுக்குப் பழுப்பு, மகளுக்குச் சிவப்பு, தனக்கு நீலம்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் ஒளிச்சுத் தின்னக் கூடாது" என்றாள்.

சட்டம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் முதல் காசு டப்பாவுக்கு. அதற்கப்புறம்தான் வாடகை, மளிகை, சேமிப்பு. டப்பாவில் விழுந்ததை அடுத்த சனிக்கிழமைக்குள் தன் ஆசைக்குச் செலவழித்தே ஆக வேண்டும். மிச்சம் பிடித்து வீட்டுக்குத் திருப்பித் தந்தால் அபராதமாக ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

ரேடியோ ஒன்றுக்கொன்று சேராத காதணிகளாக வாங்கித் தள்ளினாள். மந்திரி வாரம் ஒரு தடவை, ஒரு ஜன்னல் ஓரத்து மேஜையில் தனியாக உட்கார்ந்து, யாரோ போட்டு யாரோ கொண்டுவந்து வைக்கிற காபியைக் குடித்தாள். கூட ஒரு துண்டு கேக். லிஃப்ட்காரர் ஞாயிறு காலை நீச்சல் குளத்துக்குப் போனார். "வாரம் பூரா இருட்டுக் குழிக்குள்ள தொங்குறவன், ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பாத்துட்டு வர்றேனே" என்பார். முதல் இரண்டு வருடமும் சேர்ந்ததைவிட மூன்றாம் வருடம் மட்டும் அதிகம் சேர்ந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகுதான் போன வாரம் வந்தது. ஒரு கிழவருக்குக் கண்ணாடி கொடுக்கப் போன வழியில், குளத்தின் கேட்டில் அறிவிப்பைப் பார்த்தாள். பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள். தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது. ஆனால் முந்தின ஞாயிறுகூட அவர் தலை ஈரத்தோடுதான் வீட்டுக்கு வந்தார்.

இந்த ஞாயிறு காலை ஏழரை மணி. லிஃப்ட்காரர் தோளில் துணிப் பையை மாட்டிக்கொண்டார். உள்ளே மடித்த துண்டு.

"மந்திரி, குளத்துக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"தண்ணி ஜில்லுனு இருக்கப் போகுது, பாத்துங்க."

"பழகின தண்ணிதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சிரிக்காமலாவது மறைக்க வேண்டாமா!

"நாலு மணிக்கு வீட்டைப் பாக்கப் போகணும், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ஒன்பது வருஷமா அது ஒண்ணுதான் ஞாபகம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை எண்ணிவிட்டு, தூங்குகிற மகளுக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டு, மந்திரியும் செருப்பை மாட்டினாள். புருஷன் பின்னால் திருடி மாதிரிப் போவது அவளுக்கே கேவலமாக இருந்தது. கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டது அவள். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் அதை மீறியதில்லை.

அவர் குளத்துப் பக்கம் திரும்பவில்லை. கடைவீதிப் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. மூடிய செருப்புக் கடை முன்னால் நின்று கண்ணாடிக்குள் பார்த்தார். பத்துக் கடை தள்ளி, மூடிய கடிகாரக் கடை முன்னால் நின்றார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று மந்திரி நினைத்தாள். வருகிறவள் எப்படி இருப்பாள், என்ன வயசு, கண்ணாடி போட்டிருப்பாளா என்றெல்லாம் மனம் ஓடியது. தொழில் புத்தி போகுமா?

யாரும் வரவில்லை. கீழே மருந்துக் கடை இருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குள் அவர் நுழைந்தார்.

லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. லிஃப்ட்காரர் அதன் முன்னால் நின்று, கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு மாடிப்படியில் கால் வைத்தார்.

மந்திரி கொஞ்சம் விட்டு, சத்தமில்லாமல் ஏறினாள். முதல் மாடி திரும்பியதும் நின்றுவிட்டாள்.

மேலே, இரண்டாம் மாடிக்குப் பாதி வழியில், அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். முதுகு இவள் பக்கம். பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். தோள் ஏறி இறங்கியது. ஒரு கை நெஞ்சில் இருந்தது. ஐம்பது மாடிக் கட்டடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர், முப்பது படி ஏறிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சிவப்பு மை வாசகியே, மன்னியுங்கள். இன்னொரு குடித்தனம் இல்லை. அந்தப் படியில் நின்றபோது மந்திரி அதைத்தான் வேண்டிக்கொண்டாள். கடவுளே, வேற ஒருத்தியாவே இருந்திருக்கக் கூடாதா? சண்டை போட்டிருப்பேனே, கூட்டிட்டு வந்திருப்பேனே. அப்படித்தான் நினைத்தாள்.

அவர் எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, மிச்சப் படியை ஏறினார். மேலே ஒரு கதவு திறந்து மூடியது.

அவள் கீழே வந்து மருந்துக் கடை விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றாள். அரை மணி நேரம். அவர் இறங்கி வந்தார். சட்டையின் முழுக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டார். கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு குழாய் இருந்தது. அதைத் திறந்து, குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். காதுக்குப் பின்னால்கூட நனைத்தார். அங்கே நின்ற ஒரு பைக்கின் கண்ணாடியில் பார்த்துச் சீப்பால் வாரிக்கொண்டார். நெற்றியில் இரண்டு சொட்டு வழியட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த இரண்டு சொட்டைப் பார்த்தபோதுதான் மந்திரிக்கு அழுகை வந்தது.

அவர் போனதும் அவள் மேலே ஏறினாள். கதவில் 'இதய மருத்துவம் – ரத்தப் பரிசோதனை' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு பெண் மேஜையில் உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டோக்கன் போடணுமாக்கா?"

"இல்லம்மா. இப்ப ஒருத்தர் போனாரே, முழுக்கைச் சட்டை..."

"லிஃப்ட் அண்ணனா? ஏதாச்சும் வச்சுட்டுப் போயிட்டாரா?" அந்தப் பெண் முகம் மலர்ந்தது. "ஏழு மாசமா வாராவாரம் வர்றாருக்கா. கீழ இருக்கிற லிஃப்டைக் காசு வாங்காமலே சரி பண்ணித் தர்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கம்பெனிக்காரங்க அடுத்தவங்களைத் தொட விடமாட்டேங்கிறாங்க. நீங்க தெரிஞ்சவங்களா?"

"ம். தெரிஞ்சவதான்."

"அப்ப நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கக்கா. டாக்டர் மூணு மாசமா ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கிறேங்கிறாரு. கையெழுத்துப் போட வீட்டுலேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னா, அவருக்கு யாருமே இல்லையாமே. ஒண்டிக்கட்டையாம். பாவமா இருக்கு." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, நான் இதெல்லாம் சொல்லக் கூடாது. நீங்க யாருன்னு..."

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறேன்" என்றாள் மந்திரி.

இருபத்திரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள், இறங்கும்போது படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கினாள். யாருமே இல்லையாமே. அந்தப் பெண் எவ்வளவு அக்கறையாகச் சொன்னாள்!

வீட்டுக்கு வந்தபோது அவர் ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போன காலங்காத்தால? ஓ, காபியா? கேக்கக் கூடாதுல்ல, சாரி! அப்பா, இன்னிக்கு எத்தனை ரவுண்டு நீந்தினீங்க? அதுவும் கேக்கக் கூடாதோ? இந்த வீட்டுல வாயைத் திறந்தாலே கேஸ்!"

"பத்து ரவுண்டு" என்றார் லிஃப்ட்காரர். "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு இன்னிக்கு."

மந்திரி அவருடைய பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. நேற்று அவளே மடித்த மடிப்பு. ஏழு மாதமாக அவர்தான் துண்டை உலர்த்திக்கொண்டிருந்தார். 'என் துண்டை நானே போட்டுக்கிறேன், நீ ஏன் சிரமப்படுறே' என்பார். எவ்வளவு நல்ல புருஷன் என்று அவள் பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டதுகூட உண்டு.

"அம்மா, துண்டைக் குடு, நான் காயப்போடுறேன்" என்று ரேடியோ வருகிற சத்தம் கேட்டது.

மந்திரி சட்டென்று குழாயைத் திறந்து துண்டை நனைத்தாள். நன்றாக நனைத்துப் பிழிந்து, கொடியில் போட்டுவிட்டாள். திரும்பினால், கதவில் மகள் மட்டும் இல்லை, அவள் பின்னால் அவரும் நின்றார். அவர் துண்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அப்போதே கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நாலு மணிவரை அவராகச் சொல்லட்டும் என்று ஒரு சின்ன ஆசை. சமைத்தாள், பரிமாறினாள், அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ரசத்தைப் புகழ்ந்தார். குழம்புதான் வைத்திருந்தாள்.

நாலு மணிக்குப் புதுக் கட்டடத்தின் வாசலில் கட்டடக்காரர் சாவியோடு காத்திருந்தார். சுண்ணாம்பும் சிமென்ட்டும் மணத்தது. லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. ஒவ்வொரு மாடியிலும் குழியை மறைத்துப் பலகை அடித்திருந்தார்கள்.

"லிஃப்ட் ஆறு மாசத்துல வந்துரும் சார். உங்களுக்கு இல்லாத லிஃப்டா!"

முதல் மாடியில் லிஃப்ட்காரர் நின்றார். பலகைச் சந்து வழியாகக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "சுவர் நேரா இல்லையே. அரை இஞ்ச் வாங்குது" என்றார். கட்டடக்காரர் பதறி விளக்கம் சொன்னார். அவர் பலகையில் கையூன்றி, தலையைக் குனிந்து, நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் மாடியிலும் நின்றார். இந்தத் தடவை குழிச் சுவரில் இருந்த கொக்கியைப் பற்றிச் சந்தேகம்.

"அப்பா! நாம வீட்டைப் பாக்க வந்தோமா, குழியைப் பாக்க வந்தோமா? எங்க போனாலும் டூட்டியா!" ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு காதில் சிவப்புக் கிளியும் மறு காதில் பச்சை இலையும் ஆடின. கட்டடக்காரரும் சிரித்தார்.

மந்திரி மட்டும் பலகையில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள். நகம் எல்லாம் வெளிறியிருந்தது. போன மாதம் கூட இதே மாதிரி எங்கேயோ நின்று எதையோ ஆராய்ந்தார், நான்தான் 'சீக்கிரம் வாங்க' என்று கத்தினேன் என்று நினைவு வந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். "கல்லு குத்துது, இருங்க" என்று சொல்லி, இல்லாத கல்லைத் தட்டினாள். தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு அடங்கும்வரை தட்டினாள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் வெயில் விழுந்தது. ரேடியோ ஓடிப்போய் ஓர் அறையின் ஜன்னலைத் திறந்து, "இது எனக்கு, இது எனக்கு!" என்று கூவினாள். சமையலறையில், கண் மட்டத்தில், சுவரில் ஒரு சின்ன மாடம் விட்டிருந்தார்கள்.

"சார்தான் கேட்டு வைக்கச் சொன்னாரு. மூணு டப்பா பக்கத்துல பக்கத்துல நிக்கணும்னு அளவே குடுத்துட்டாரு" என்றார் கட்டடக்காரர். "சார்தான் எல்லாம் முடிச்சிட்டாரேம்மா, இனிமே பெயின்ட் கலர் மட்டும் நீங்க..."

"குட்டிக்கு மொட்டை மாடியைக் காட்டுங்களேன்" என்று அவசரமாகக் குறுக்கே விழுந்தார் லிஃப்ட்காரர்.

மகளும் கட்டடக்காரரும் போனார்கள். வெறும் வீட்டில் இவர்கள் இருவரும் நின்றார்கள்.

"எனக்கு இந்த வீடு வேணாம்" என்றாள் மந்திரி.

"என்ன சொல்றே? ஒன்பது வருஷம்..."

"வேணாம்."

"வெயில் அதிகமோ? திரை போட்டுக்கலாம்."

அவள் கைப்பையிலிருந்து நீல டப்பாவை எடுத்தாள். நேற்றுப் போட்ட காசு அப்படியே இருந்தது. காபி குடிக்கப் போகவில்லை.

"அடுத்த ஞாயிறு நானும் உங்க கூட வர்றேன். என் டப்பாக் காசு, என் ஆசை."

அவர் சிரிக்கப் பார்த்தார். "உனக்குத்தான் நீச்சல் தெரியாதே, மந்திரி."

"நீச்சல் தெரியாது. மாடி ஏறத் தெரியும்."

லிஃப்ட்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். சுண்ணாம்பு சட்டை முதுகில் ஒட்டியது.

"துண்டை நீ நனைச்சப்பவே தெரியும்" என்றார் கடைசியில்.

"வீட்டுல யாருமே இல்லைன்னு சொன்னீங்களாமே. ஒண்டிக்கட்டையாமே நீங்க." அவள் குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "நான் செத்தா போயிட்டேன்?"

"பொண்டாட்டி இருக்கான்னு சொன்னா கூட்டிட்டு வரச் சொல்லுவாங்கடி. அதான்."

"ஏங்க சொல்லல?"

"டப்பாக் காசுக்குள்ள அடங்கிக்கிட்டு இருந்துச்சு. வாராவாரம் ரத்தம் பாக்கிறது, மாத்திரை, எல்லாம். வீட்டுக் காசைத் தொடலையே, எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன். நீயும் கேக்க மாட்டே. வசதியா இருந்துச்சு." மூச்சு விட்டார். "அப்புறம் நெஞ்சுக்குள்ள ஒரு வால்வை மாத்தணும்னாங்க. ஊரெல்லாம் லிஃப்டுக்குப் பார்ட்ஸ் மாத்துறவனுக்கு!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒளிச்சுத் தின்னக் கூடாதுன்னு நான் போட்ட சட்டம், இவருக்கு ஒளிச்சு நோகிறதுக்கு இடம் குடுத்திருக்கு என்று நினைத்தாள். பிஸ்கட் உறையை எட்டாக மடித்தவர், ஏழு மாதத்தையும் அப்படியே மடித்துத் தன் டப்பாவுக்குள் திணித்துவிட்டார்.

"எவ்வளவு ஆகும் ஆபரேஷனுக்கு?"

"முன்பணம் என்னவோ அதேதான். கொஞ்சம் கூட."

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் கட்ட வேணாம். டாக்டர்கிட்ட போவோம். வீடு எங்கயும் ஓடிடாது."

அவர் பேன்ட் பையிலிருந்து பழுப்பு டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். சமையலறை அலமாரியை விட்டு அந்த டப்பா வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

"இங்க வச்சு உன்கிட்ட குடுக்கணும்னு கொண்டுவந்தேன். இப்படிக் குடுப்பேன்னு நினைக்கல."

உள்ளே நாலாக மடித்த ஒரு ரசீது. வெள்ளிக்கிழமைத் தேதி. முன்பணம் முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டது. வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. எக்காரணம் கொண்டும் இத்தொகை திருப்பித் தரப்பட மாட்டாது.

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு தெரிஞ்சுது" என்றார். "உனக்குத் தெரிஞ்சா எதை எடுப்பேன்னும் தெரிஞ்சுது. அதான் முந்திக்கிட்டேன். ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற கணக்குதானே, வெள்ளிக்கிழமையே எடுத்துக் கட்டிட்டேன். அந்தக் கட்டடக்காரர்கிட்டயும், நாளைக்குத்தான் கட்டுறதா வீட்டுல சொல்லியிருக்கேன், வாயை விட்டுடாதீங்கன்னு கெஞ்சி வச்சிருந்தேன்."

"பாவி மனுஷா! இது யாரு காசு? நம்ம மூணு பேரு காசு."

"டப்பாவுல இருக்கு பாரு. டப்பாவுல இருக்கிறதுக்குக் கேள்வி கிடையாது." அவர் குரல் மெல்லிசாக இருந்தது. "என் ஆசைக்கு நான் செலவு பண்ணேன். நீ போட்ட சட்டம்தானே, மந்திரி."

அவள் ரசீதைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுவதற்கும் அவருக்கு மூச்சு வாங்கியது.

படியில் சத்தம் கேட்டது. "அறுபத்திமூணு படிப்பா! மொட்டை மாடிலேருந்து எண்ணிட்டு வந்தேன்! மேல காத்து அப்படி அடிக்குது..."

"குட்டிக்குத் தெரிய வேணாம்" என்றார் அவர், அவசரமாக. "பரீட்சை முடியட்டும். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

ரேடியோ உள்ளே வந்துவிட்டாள். "என்னம்மா, அழறியா?"

"உங்கம்மாவுக்கு வீடு பிடிச்சுப்போச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

மந்திரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரசீதைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பழுப்பு டப்பாவுக்குள் வைத்து, சமையலறைக்குப் போய், அந்தப் புது மாடத்தில் வைத்தாள். பக்கத்தில் நீல டப்பாவை வைத்தாள். திரும்பி வந்து புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"குட்டி, இப்படி வந்து உக்காரு. உங்கப்பாகிட்ட ஒரு கேள்வி கேக்கப் போறேன். நீயும் கேளு."

"டப்பா சமாச்சாரமா? ஐயையோ, அது தப்பாச்சே! ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்மா நீ!"

"ஆயுசுக்கும் கழுவுறேன்."

லிஃப்ட்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மந்திரி அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். சட்டைக் கையை மேலே மேலே சுருட்டினாள். முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிப் பழைய ஊசிகளின் நீலம், பச்சை, மஞ்சள்.

"ஏழு மாசமா, ஞாயித்துக்கிழமை காலைல, நீங்க எங்க போனீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் திறந்த வாயை அன்றைக்கு அவள் சாயங்காலம் ஐந்து மணிக்கே மூடிவிட்டாள்.